அமுலுவின் வலது கை

ஜனவரி 6, செவ்வாய்

இந்த வருடம் புது உத்தரவு. பிள்ளைகள் மட்டுமல்ல, வழிகாட்டிகளும் நோட்டு எழுத வேண்டுமாம். தேதி போட்டு, நடந்தது, நினைத்தது, தவறியது எல்லாவற்றையும் எழுதி ஏப்ரலில் அறக்கட்டளையிடம் ஒப்படைக்க வேண்டும். பக்கம் கிழிக்கக் கூடாது. ஒயிட்னர் கூடாது. ஒருங்கிணைப்பாளர் பெனிட்டா மேடம் இந்த இருநூறு பக்க நோட்டை என் கையில் திணித்துவிட்டுப் போனார். அவருக்கு முப்பது மையங்கள். முப்பது பேர் எழுதியதையும் அவர் படித்துக் கிழிக்கப் போவதில்லை.

ஆகவே சுருக்கமாக. பெயர் தயாளன், வயது நாற்பத்தெட்டு. பத்தொன்பது வருடம் ஒரு தனியார் பள்ளியில் பகுதி நேர ஓவிய ஆசிரியர். ஓவிய பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து பிள்ளைகளின் ரெக்கார்டு நோட்டில் தவளையின் ஜீரண மண்டலம் வரைந்து கொடுப்பேன். அங்கிருந்து எப்படி வெளியே வந்தேன் என்பது இந்த நோட்டுக்குத் தேவையில்லை. இப்போது இரண்டு வருடமாக வாகை நகர் குடியிருப்பில், ஏழாம் பிளாக் தரைத்தளத்துச் சமுதாயக் கூடத்தில், இளையோர் கலைச் சான்றிதழுக்கு வழிகாட்டியாக இருக்கிறேன்.

இதற்கு எழுத்துத் தேர்வு கிடையாது. பிள்ளை தானே ஒரு படைப்பைத் தேர்ந்தெடுத்துச் செய்ய வேண்டும். தப்பும் தவறுமாகச் செய்த முயற்சிகள் எல்லாம் தேதியோடு ஒரு வேலை நோட்டில் இருக்க வேண்டும். மதிப்பீட்டாளர் வந்து நோட்டைப் பார்ப்பார், படைப்பைப் பார்ப்பார், பிள்ளையிடம் பேசுவார். வழிகாட்டியின் கை பிள்ளையின் தாளில் படவே கூடாது. வாயால் சொல்லலாம், மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டலாம், அவ்வளவுதான்.

போன முறை ஐந்து பேரில் இரண்டு பேருக்குத்தான் கிடைத்தது. "இந்த பேட்ச் நல்லா வரணும் சார்" என்று பெனிட்டா சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு எனக்குப் புரிந்தது.

ஜனவரி 8, வியாழன்

ஆறு பேர் சேர்ந்தார்கள். பதினேழிலிருந்து இருபது வயதுக்குள். ஷாகுல் நன்றாகப் பேசுகிறான், கோபி காதிலிருந்து ஹெட்போனைக் கழற்ற மாட்டேன் என்கிறான். மற்றவர்களைப் போகப் போகப் பார்க்கலாம்.

கடைசியாக வந்தவள் நதியா. பிளஸ் டூவில் வேதியியலும் கணக்கும் போய்விட்டது. நகரத்தில் ஒரு கலைக் கல்லூரி, இந்தச் சான்றிதழ் இருந்தால் மதிப்பெண் கேட்காமல் ஓராண்டு ஓவியப் பட்டயத்தில் சேர்த்துக்கொள்கிறது. மற்ற ஐந்து பேருக்கு இது கூடுதலாக ஒரு காகிதம். அவளுக்கு இது ஒன்றுதான் வழி. கிடைக்காவிட்டால் ஜூன் மாதம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பிசிறு வெட்டும் வேலைக்குப் போக வேண்டும் என்று அவளே சொன்னாள்.

அவள் அம்மாவும் வந்திருந்தார். பெயர் அமுலு. ஐ.டி. கம்பெனியில் துப்புரவு வேலை, காலை ஐந்தே முக்காலுக்கு வேன். "இவ எப்பப் பாத்தாலும் கிறுக்கினே இருப்பா சார். காலண்டர் பின்னாடி, கேஸ் புக்கு மேல, ஒண்ணு விட மாட்டா. நீங்கதான் ஏதாச்சும் வழி பண்ணணும்" என்றார். படிவத்தில் கையெழுத்துக் கேட்டேன். முந்தானைக்குள் இருந்த வலது கையை எடுக்காமல், இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். ஏழு மணிக்குள் கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுக்க வேண்டும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 20, செவ்வாய்

பொங்கல் விடுமுறைக்குப் பிறகு மூன்று பேர்தான் வந்தார்கள். மின்விசிறி சத்தம் போடுகிறது. கூடத்தில் ரேஷன் மூட்டைகளை இறக்கிவிட்டார்கள், அவற்றை நகர்த்தவே அரை மணி நேரம் ஆயிற்று. முதுகு பிடித்துக்கொண்டது.

ஜனவரி 24, சனி

எல்லோரும் தலைப்பு சொன்னார்கள். கோபி லிஃப்ட் கதவில் உள்ள கிறுக்கல்களைத் தொகுக்கப் போகிறான். நதியா அம்மாவை வரையப் போகிறாள். விடியற்காலை வேலைக்குக் கிளம்பும்போது சாப்பாட்டு டப்பாவை அழுத்தி மூடுகிற அம்மா. கரியில், பெரிய தாளில்.

அம்மாவை வரைகிறேன் என்று சொல்லாத பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை. இருந்தாலும் டப்பா மூடி நல்ல யோசனை. சொன்னேன். சிரித்தாள்.

பிப்ரவரி 3, செவ்வாய்

நதியாவின் வேலை நோட்டில் இரண்டு முயற்சிகள் வந்துவிட்டன. முகம் பரவாயில்லை. தோள் அருமை. அந்தத் தோளை என்னால் போட முடியுமா என்று யோசித்தேன், முடியாது என்றே தோன்றியது. ஆனால் டப்பாவை அழுத்துகிற வலது கையைச் சரியாக முடிக்கவில்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதியில் நின்றுவிடுகின்றன. கை வரைய வராத பிள்ளைகள் எல்லோரும் இப்படித்தான் விரலில் ஏமாற்றுவார்கள்.

மஞ்சள் சீட்டு ஒட்டினேன்: "விரல் கவனி."

பிப்ரவரி 12, வியாழன்

நான்காவது முயற்சி. அதே மொட்டை விரல்கள். முன்பைவிட அழுத்தமாக வேறு போட்டிருக்கிறாள். நான் சொன்னதைக் காதில் வாங்கவே இல்லை என்று எரிச்சல் வந்தது. நோட்டை எல்லோர் முன்னாலும் தூக்கிக் காட்டி, "ஒரு கைக்கு எத்தனை விரல், யாராவது சொல்லுங்கப்பா" என்றேன். சிரித்தார்கள்.

"சார், அது வந்து..." என்று ஆரம்பித்தாள்.

"சாக்கு சொல்லாதம்மா. உன் கையையே வெச்சுப் பாத்துப் போடு. அஞ்சு விரலும் முழுசா வரணும்."

அதன் பிறகு அவள் பேசவில்லை. நான்காவது சீட்டும் ஒட்டினேன்.

பிப்ரவரி 19, வியாழன்

ஐந்து, ஆறு. அதே கை. பெனிட்டாவின் போன்: மார்ச் 14 மதிப்பீடு. சுகிர்தா மேடம் வருகிறார். கறாரான ஆள் என்கிறார்கள்.

பிப்ரவரி 26, வியாழன்

நதியா பெரிய தாளில் முடித்துவிட்டாள். படம் உள்ளே இழுக்கிறது. குழல் விளக்கு வெளிச்சம், கசங்கிய சீருடைச் சேலை, உதட்டைக் கடித்துக்கொண்டு மூடியை அழுத்துகிற முகம். எல்லாம் இருக்கிறது. முன்னால், பார்வை முதலில் போய் விழுகிற இடத்தில், அந்த அரைகுறைக் கை. இதைச் சுகிர்தா மேடம் பார்த்தால் முதல் கேள்வி என்னைத்தான் கேட்பார்.

பிப்ரவரி 27, வெள்ளி

விசேஷமில்லை. கூடத்தில் தனியாக உட்கார்ந்து ஃபைல்களை அடுக்கினேன். படங்களுக்கு ஸ்ப்ரே அடித்தேன், இனிமேல் கரி உதிராது. ரப்பர் தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

பிப்ரவரி 28, சனி

நதியா தன் படத்தைப் பிரித்துப் பார்த்தாள். பாத்ரூமுக்குப் போனாள், வர வெகு நேரம் ஆயிற்று. சந்தோஷத்தில் சில பிள்ளைகள் அப்படித்தான்.

மார்ச் 3, செவ்வாய்

விடுப்பு. காய்ச்சல் மாதிரி இருந்தது. காய்ச்சல் இல்லை.

மார்ச் 12, வியாழன்

ஆறு பேரும் ஒத்திகை பார்த்தார்கள். நான் மதிப்பீட்டாளராக உட்கார்ந்து கேள்வி கேட்டேன். ஷாகுலை நிறுத்துவதுதான் கஷ்டம். நதியாவிடம் "இதில் உனக்குப் பிடித்த பகுதி எது?" என்று கேட்டேன். "தோள்" என்றாள். வேறு எதைக் கேட்டாலும் "தோள்" என்றுதான் சொன்னாள். நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன்.

மார்ச் 13, வெள்ளி

வகுப்பு இல்லாத நாள். நதியா கூடத்துக்கு வந்தாள். பேசினோம். நிலைமையைப் புரிந்துகொண்டாள். நல்ல பெண்.

மார்ச் 14, சனி

ஆறு பேரையும் பார்த்து முடிக்க மூன்று மணி ஆகிவிட்டது. சுகிர்தா மேடம் டீ கூடக் குடிக்கவில்லை. நான் மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். வழிகாட்டி இருக்கலாம், பேசக் கூடாது. அந்த விதி எனக்கு இன்றைக்கு வசதியாக இருந்தது.

நதியாவின் முறை. மேடம் வேலை நோட்டை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். பிறகு பெரிய படத்தைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார். "ஆறு தடவை வரஞ்சிருக்க. ஆறுலயும் இந்த ரெண்டு விரல் பாதிதான் இருக்கு. கடைசிப் படத்துல மட்டும் முழுசா வந்திருக்கே, ஏம்மா?"

 நதியா என்னைப் பார்க்கவில்லை.

"எங்கம்மாவுக்கு அந்த ரெண்டு வெரல் இல்ல மேடம். நான் மூணாவது படிக்கறப்ப பிரஸ் மிஷின்ல போயிடுச்சு. அது... திரும்பக் கெடச்சா எப்டி இருக்கும்னு போட்டுப் பாத்தேன்."

மேடம் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.  பிறகு நிறைய எழுதினார். கிளம்பும்போது என்னிடம் வந்து, "உங்க சீட்டெல்லாம் பார்த்தேன் சார். ஆரம்பத்துலேர்ந்தே 'விரல் கவனி, விரல் கவனி'ன்னு எழுதியிருக்கீங்க. அந்தப் பொண்ணை நீங்கதான் அங்க கொண்டுபோய் விட்டிருக்கீங்க. நல்ல கண்ணு உங்களுக்கு" என்றார்.

நன்றி என்று சொன்னேன். கும்பிடக்கூடச் செய்தேன்.

அமுலுவுக்கு விரல் இல்லை என்பது எனக்கு நேற்றுத்தான் தெரியும். நதியா சொன்னாள். அதற்கு முன்னால் தெரியாது. இதை இங்கே எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது. தெரிந்து செய்யவில்லை.

மார்ச் 15, ஞாயிறு

என்ன செய்தேன் என்பதை எழுதவில்லை என்று இப்போதுதான் கவனித்தேன். படத்தில் கொஞ்சம் திருத்தினேன். பழக்கம். பத்தொன்பது வருடப் பழக்கம். தப்பான கோட்டைப் பார்த்தால் எனக்குக் கை அரிக்கும்.

மார்ச் 24, செவ்வாய்

ஆறுக்கு ஆறு. நதியாவுக்குத் தனிச்சிறப்பு, நகரத்திலேயே மூன்று பேருக்குத்தான் அது. பெனிட்டா போனில் கத்தினார். அடுத்த இரண்டு வருடத்துக்கு என் பணி உறுதி என்றார். மிக்சரும் ஜாங்கிரியும் வாங்கிப் போனேன். கோபி ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைக் கட்டிக்கொண்டான்.

நதியாவிடம் ஜாங்கிரித் தட்டை நீட்டினேன். "வேணாம் சார், பல்லு வலி" என்றாள். கொஞ்ச நேரத்தில் ஷாகுலின் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள்.

மார்ச் 29, ஞாயிறு

கண்காட்சி. கூடத்தில் கயிறு கட்டி, படங்களை மாட்டி, வாசலில் கோலம் போட்டு, எல்லாம் பிள்ளைகளே செய்தார்கள். நதியாவின் படம் நடுவில், கண்ணாடிச் சட்டத்தில். கீழே சுகிர்தா மேடம் எழுதிய வரிகளை அச்சடித்து ஒட்டியிருந்தார்கள்: "இழந்ததைத் திருப்பித் தரும் கற்பனை." பிளாக் ஜனங்கள் வந்து வந்து பார்த்தார்கள். "அமுலு மாதிரியே கீதுப்பா" என்றார்கள்.

பதினொரு மணிக்கு அமுலு வந்தார். புதுச்சேலை. தலையில் பூ. மகளின் படம் மாட்டியிருக்கிறது என்று கம்பெனியில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். படத்தின் முன்னால் போய் நின்றார். முதலில் சிரித்தார். பிறகு கிட்டே போய்க் குனிந்தார்.

"யாரு கையி இது?"

பக்கத்தில் நின்றவர்கள் ஏதோ வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தார்கள். நதியா, "உன்னுதுதாம்மா" என்றாள்.

"எங்கையி இப்டியா கீது?" என்று கேட்டுவிட்டு அமுலு வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார், ஆனால் நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். "ஏம்மா, அவ்ளோ அசிங்கமாவா இருக்குது? நாலு பேரு பாக்கற எடத்துல வெக்கறதுக்கு கூச்சமா இருந்திச்சா ஒனக்கு?"

நதியா அழுத்தமாகத் தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தாள். திறந்த வாயோடு என்னைப் பார்த்தாள்.

நான் டீ வந்துவிட்டதா என்று பார்க்கப் போனேன்.

அதுதான் உண்மை. டீ கேன் வாசலில் என் கண்ணெதிரே இருந்தது. இருந்தும் போனேன். திரும்பி வந்தபோது அமுலு இல்லை. தலைவலி என்று வீட்டுக்குப் போய்விட்டாராம்.

ஏப்ரல் 1, புதன்

எழுத ஒன்றுமில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

வெட்கமாக இருக்கிறது. இந்த வார்த்தையை எழுத நான்கு நாள் ஆயிற்று. கடைக்குப் போனால் ஏழாம் பிளாக் பக்கம் வராமல் சுற்றிக்கொண்டு போகிறேன். காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் என் மூஞ்சியைப் பார்க்கப் பிடிக்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடும்போது என் ஐந்து விரல்களும் தெரிகின்றன.

ஏப்ரல் 4, சனி

சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது, இனி யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்துக் கூடத்தைத் துப்புரவு செய்துகொண்டிருந்தேன். நதியா வந்தாள். கையில் விதிப் புத்தகம். சேரும்போது எல்லோருக்கும் கொடுப்பது. யாரும் பிரித்துப் பார்க்காதது.

"சார், பக்கம் பன்னண்டு படிச்சீங்களா?"

"படிச்சேன்மா."

"எப்ப?"

 துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தேன். அது சரிந்து விழுந்தது. மறுபடி எடுத்துச் சாய்த்தேன்.

"எனக்கு முன்னாடியே படிச்சிருக்கீங்க, இல்ல சார்? எங்கிட்டப் பேசறதுக்கு முன்னாடியே."

"ஆமா."

அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். ரேஷன் மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எங்கம்மா ஆறு நாளா என்னாண்ட சரியாப் பேசல. சோறு போடுது, தலை வாரி வுடுது. பேசல. நான் போட்டதை நீங்க மாத்திட்டீங்கன்னு சொல்லிப் பாத்துட்டேன். நம்ப மாட்டேங்குது. 'தயாளன் சாரு படிச்சவரு, அவரு ஏன் அழிக்கப் போறாரு, சமாதானத்துக்கு சொல்லாத'ன்னுது. வேல நோட்டக் காட்டலாம்னா அது ஆபீஸ்ல இருந்துச்சு, இன்னிக்கித்தான் திரும்பக் குடுத்தாங்க. அதக் காட்டினாலும், 'ஒத்திகைல நெசத்தப் போட்ட, மாட்டறப்போ மறச்சிட்ட'ன்னுதான் சொல்லும். நீங்க வந்து சொல்லணும் சார்."

"சொல்றேன். பெனிட்டா மேடத்துக்கும் எழுதிக் குடுத்துடறேன். ஆனா நீ அந்தக் கைய திரும்ப..."

"போட்டுடுவேன். எட்டாவது தடவதானே." எழுந்தாள். வாசல்வரை போய்த் திரும்பினாள். "நானே மேடத்துக்கு போன் பண்ணியிருப்பேன் சார். நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன்."

ஏப்ரல் 6, திங்கள்

பெனிட்டா மேடத்துக்கு. இது உங்களுக்காக எழுதுவது. மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிற இரண்டு பக்கங்களை முதலில் பாருங்கள். இரண்டு சீட்டிலும் "கவனிக்கவும்" என்று எழுதியிருக்கிறேன்.

முதலாவது, பிப்ரவரி 27. விசேஷமில்லை என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு நான் கூடத்தை உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டு நதியாவின் படத்தை மேஜையில் விரித்தேன். ஒரு கோடு மட்டும் நீட்டலாம் என்றுதான் ஆரம்பித்தேன். நீட்டியது ஒட்டவில்லை. அழித்தேன். மணிக்கட்டுவரை அழிக்க வேண்டியதாயிற்று. புது ரப்பர் ஒன்று முழுதாகத் தீர்ந்தது. பிறகு எனக்குத் தெரிந்த ஒரே கையை அங்கே போட்டேன். நீளமான, மெல்லிய, நகம் திருத்திய கை. இருபது வருடமாக எல்லாப் படத்திலும் நான் போடுகிற கை. அது யாருடைய கையும் இல்லை. முடித்ததும் எட்ட நின்று பார்த்து, நன்றாக வந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அதன் மேல் ஸ்ப்ரேயும் அடித்தேன். அவள் நினைத்தாலும் அதை மாற்ற முடியாதபடி செய்தது அந்த ஸ்ப்ரேதான்.

அவளுக்காகச் செய்தேன் என்று இவ்வளவு நாளும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். உங்கள் சிரிப்புக்குப் பயந்து செய்தேன். இன்னொன்றும் இருக்கிறது. அவள் போட்ட அந்தத் தோளை என்னால் போட முடியாது. அந்தப் படத்தில் நான் அவளைவிடக் கெட்டிக்காரனாக இருக்க ஒரு இடம் வேண்டியிருந்தது.

பழைய பள்ளியில் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். முப்பத்தெட்டு ரெக்கார்டு நோட்டிலும் ஒரே தவளை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சிரித்துவிட்டார். நிர்வாகம் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகும் நான் திருந்தவில்லை.

இரண்டாவது, மார்ச் 13. பேசினோம், புரிந்துகொண்டாள் என்று எழுதியிருக்கிறேன். பேசியது இதுதான். நதியா வந்து, "சார், எங்கம்மாவுக்கு அந்தக் கையில ரெண்டு வெரல் இல்ல. நான் தப்பாப் போடல. நாளைக்கி மேடம் கேட்டா நெசத்த சொல்லிடட்டுமா?" என்று கேட்டாள்.  விதிப் புத்தகத்தை அதற்கு முன்னாலேயே, பிப்ரவரி 27 சாயங்காலமே, வீட்டில் எடுத்துப் படித்திருந்தேன். பக்கம் பன்னிரண்டில் என்ன இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம். வழிகாட்டியின் கை பட்ட படைப்பு மட்டும் செல்லாது. அந்த மாணவர் வேறொரு வழிகாட்டியின் முன்னிலையில் முப்பது நாளுக்குள் மறுபடி செய்யலாம். மற்றவர்களுக்குப் பாதிப்பில்லை. வழிகாட்டி நீக்கப்படுவார்.

அவளிடம் நான் சொன்னது வேறு. "சொன்னா ஆறு பேருக்கும் போயிடும்மா. உன்னால மத்த அஞ்சு பேரும் நிக்கணுமா?" என்று கேட்டேன். கோபியின் பெயரைச் சொன்னேன். ஷாகுல் எவ்வளவு கஷ்டப்பட்டான் என்று சொன்னேன். நல்லா யோசி என்றும் சொன்னேன். பதினெட்டு வயதுப் பெண். ராத்திரி முழுக்க யோசித்து, அம்மாவின் கையை வைத்து ஒரு பொய்யைக் கட்டிக்கொண்டு வந்து, எங்கள் எல்லோரையும் காப்பாற்றினாள். அந்தப் பொய்யின் கீழே எனக்கு நல்ல கண் என்று பெயர் வந்தது.

தனிச்சிறப்பு அவளிடமிருந்து போகும். தெரியும். சுகிர்தா மேடத்திடம் நானே பேசுகிறேன். மறுபடி மதிப்பிட வருபவரை, அவள் போட்ட தோளைப் பார்க்கச் சொல்லுங்கள். மறுபடி போடும்போது கையையும் பார்க்கச் சொல்லுங்கள்.

எனக்காக எதுவும் கேட்க மாட்டேன்.

ஏப்ரல் 9, வியாழன்

நாளைக்கு இந்த நோட்டை ஒப்படைக்க வேண்டும். அதற்குள் இதையும் எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஏழாம் பிளாக், நான்காவது மாடி. லிஃப்ட் வேலை செய்யவில்லை. படியேறும்போது மூன்று தடவை திரும்பிப் போகலாம் என்று தோன்றியது. ஒவ்வொரு தளத்திலும் யாராவது ஒருவர், "இன்னா சார், யாரப் பாக்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அமுலு வீட்டுக்கு என்று சொல்லிச் சொல்லி மேலே போய்விட்டேன்.

அமுலு அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தார். சீருடைச் சேலையை இன்னும் மாற்றவில்லை. "வாங்க சார்" என்று பிளாஸ்டிக் நாற்காலியை இடது கையால் துடைத்துப் போட்டார். நதியா சமையல் பக்கம் நின்றாள், இந்தப் பக்கம் வரவில்லை. வேலை நோட்டு டி.வி. மேல் இருந்தது.

நான் உட்காரவில்லை.

"அம்மா, அந்தப் படத்துல இருக்கற கை நான் போட்டது."

அவர் புரியாமல் பார்த்தார்.

"உங்க பொண்ணு போட்டதை நான் அழிச்சேன். அவளைக் கேக்காம, யாரும் இல்லாத நேரத்துல. உங்க விரலைப் பத்தி எனக்குத் தெரியாது. அவ சொல்ல வந்தா, நான் சொல்ல விடல. அப்புறம் மேடத்துக்கிட்ட அவளைப் பொய் சொல்ல வெச்சதும் நான்தான்."

அமுலு கட்டிலில் உட்கார்ந்தார்.  பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.  மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வந்தவன், அந்தச் சொல்லை மட்டும் சொல்ல முடியாமல் நின்றேன்.

பிறகு அவர் கேட்டார்: "அப்ப எம்பொண்ணு சரியாத்தான் போட்டிருந்தாளா?"

"ஆமாம்மா. ஏழு தடவையும்."

நதியா வந்து வேலை நோட்டை எடுத்து அம்மாவின் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அமுலு வலது கையை முந்தானையிலிருந்து எடுத்தார். அந்தக் கையை நான் முதல்முறையாக இன்றைக்குத்தான் பார்த்தேன். கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பக்கத்தைப் பிடித்து, வேகமாகவே புரட்டினார். முதல் படத்தைப் பார்த்தார். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"'விரல் கவனி'ன்னு ஒட்டிக்கீதே. யாரு எழுதனது?"

"நான்தாம்மா."

அவர் அந்த மஞ்சள் சீட்டைப் பிடித்து, தாள் கிழியாமல் மெதுவாக உரித்தார். அடுத்த பக்கம். அடுத்த சீட்டு. ஆறையும் அந்தக் கையாலேயே உரித்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, என்னிடம் நீட்டினார்.

"இந்தாங்க சார். இது ஒங்களுது."

வாங்கிக்கொண்டேன். கீழே இறங்கி, பஸ் ஸ்டாப் வரைக்கும் கையிலேயே வைத்திருந்தேன். ஆறும் இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கின்றன.